ஒரே பாடம், பல வாசல்: உங்கள் பிள்ளையின் வகுப்பில் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா?



ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கும் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பை மனசுல கொண்டு வாங்க. நாற்பது பிள்ளைகள். ஒரு பையன் வீட்டில் பேசுவது தெலுங்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வீட்டில் கன்னடம், மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பெண் வீட்டில் உருது. அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததால் இரண்டு வருஷத்துக்கு முன்பு வட மாநிலத்தில் இருந்து வந்து சேர்ந்த பிள்ளை ஒன்று. காது கேட்கும் கருவி போட்ட மாணவி ஒருத்தி. மனக்கணக்கில் புலி, ஆனால் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறும் மாணவன் ஒருவன். எல்லாமே சட்டென்று புரிந்து, அடுத்தது என்ன என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர்.

ஆசிரியர் ஒருவர். புத்தகம் ஒன்று. பீரியட் சுமார் 45 நிமிடம். வருஷக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே பொதுத்தேர்வு.

அந்த 45 நிமிடம் நாற்பது பேருக்கும் பயன்பட வேண்டும் என்றால் பாடத்தை எப்படித் திட்டமிடுவது? இதைத்தான் கல்வித் துறையில் 'உள்ளடக்கிய பாடத் திட்டமிடல்' என்கிறார்கள். பேரைக் கேட்டால் ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் வருகிற விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏன்னா, இந்தத் திட்டமிடலுக்குத் தேவையான தகவலில் பாதி உங்க வீட்டில்தான் இருக்கு.

'சேர்த்துக்கொள்வது' மட்டும் போதுமா?

மாற்றுத்திறன் உள்ள ஒரு பிள்ளைக்கு வகுப்பில் இடம் கொடுத்துவிட்டால் உள்ளடக்கிய கல்வி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறோம். அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி, மணி அடித்ததும் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் வருகை. கற்றல் அங்கே நடக்கவில்லை.

ஒரு கட்டடத்தின் சாய்வுதளத்தை நினைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலிக்காக அமைத்ததுதான். ஆனால் முட்டி வலி உள்ள பாட்டி அதில்தான் ஏறுகிறார். கைக்குழந்தையோடு வருபவரும், மூட்டை தூக்கி வருபவரும் அதில்தான் ஏறுகிறார்கள். கட்டி முடித்த பிறகு படியை இடித்துச் சாய்வுதளம் போடுவது செலவு. வரைபடம் போடும்போதே சேர்த்துவிட்டால் சுலபம். பாடமும் அப்படித்தான். சொல்லி முடித்த பிறகு "உனக்குப் புரியலையா, இங்க வா, தனியா சொல்றேன்" என்பது படியை இடிக்கிற வேலை. முதலிலேயே ஒரே பாடத்துக்குப் பல வாசல் வைப்பது வரைபடத்தில் சேர்க்கிற வேலை.

உலக அளவில் இந்தச் சிந்தனைக்கு ஒரு முக்கியமான ஆண்டு 1994. ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றவையாக மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதைச் சட்டமாகவே சொல்கிறது. 21 வகை மாற்றுத்திறன்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எழுத்து, வாசிப்பு, கணக்கில் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் வசதிகளும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்று 16-ஆவது பிரிவு கல்வி நிறுவனங்களின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பாடத்திட்டத்திலும் தேர்விலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற மாற்றங்களை 17-ஆவது பிரிவு சொல்கிறது.

ஏன் ஒன்பது, பத்தாம் வகுப்பில் இது அவசரம்?

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பார். யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் வீட்டில் என்ன மொழி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்பது, பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், மணி அடித்ததும் போகிறார். கணக்கு சாருக்குத் தெரிந்தது அறிவியல் டீச்சருக்குத் தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிடும்.

இன்னொன்று, புத்தகம் கனமாகிவிடும். மூன்றாம் வகுப்பில் ஒரு பக்கத்துக்கு நாலு வரி. பத்தாம் வகுப்பில் பக்கம் முழுக்க எழுத்து, வரிக்கு வரி புதிய கலைச்சொல். அதுவரை சமாளித்துக்கொண்டு வந்த பிள்ளைகூட இங்கே தடுமாறும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரை. அதற்குப் பிறகு சட்டம் கைவிட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் எந்தக் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நின்றாலும் பெரும்பாலும் முதல் கேள்வி, "என்ன படிச்சிருக்க?" பத்தாவது பாஸ் இருந்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பிளஸ் ஒன் என்று பாதை பிரியும். இல்லாவிட்டால், தினக்கூலி வேலையோடு அந்தப் பாதை நின்றுவிடும். புத்தி இருந்தும், வாசிப்பதில் உள்ள சிரமத்தால் மட்டும் ஒரு பிள்ளை அங்கே நின்றுபோவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஒரு பாடத்தைத் திட்டமிட்டுப் பார்ப்போமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் 'இயக்க விதிகள்'. அதில் வரும் ஒரு கருத்து 'நிலைமம்'. ஒரு பொருள் தன் ஓய்வு நிலையையோ சீரான இயக்க நிலையையோ தானாக மாற்றிக்கொள்ளாமல் எதிர்க்கும் பண்பு. வரையறையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்பதுதான் கேள்வி. இதையே பல வாசல் வைத்துத் திட்டமிடலாம்.

முதலில், இலக்கு. பீரியட் முடியும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று அடுக்காக ஆசிரியர் எழுதிக்கொள்கிறார். எல்லோருக்கும்: நிற்கிற பொருள் தானாக நகராது, ஓடுகிற பொருள் தானாக நிற்காது. பெரும்பாலோருக்கு: ஓய்வில், இயக்கத்தில், திசையில் என்று நிலைமத்தின் மூன்று வகைகளும் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டும். முந்திப் போகிறவர்களுக்கு: நிறைக்கும் நிலைமத்துக்கும் என்ன தொடர்பு? பாடம் ஒன்றுதான். ஏறுகிற படிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. யாருக்கும் 'நீ தனி' என்ற முத்திரை இல்லை.

இரண்டாவது, சொல். 'நிலைமம்' என்பது தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே புதுச் சொல். தெலுங்கில் இதை ஜடத்வம் என்பார்கள். கன்னடத்தில் ஜடத்வ. இந்தியிலும் ஜடத்வ. "ஏன்டா ஜடம் மாதிரி உட்கார்ந்திருக்க?" என்று நம் வீட்டில் திட்டுவோமே, அதே ஜடம்தான்! கரும்பலகையின் ஓரத்தில் நிலைமம் என்று எழுதி, பக்கத்தில் ஜடத்வம் என்று எழுத ஆசிரியருக்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று உருது பேசும் மாணவியிடம் கேட்டால் அவளும் வகுப்புக்கு ஒரு சொல் கொடுப்பாள். நாலைந்து மொழி ஓடும் எல்லைப்புற வகுப்பில், மொழி வேறுபாடே ஆசிரியருக்குக் கிடைத்த கற்றல் கருவி.

மூன்றாவது, அனுபவம். கம்பெனி பஸ்ஸோ டவுன் பஸ்ஸோ, நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். இயக்கத்தில் நிலைமம். பஸ் சட்டென்று கிளம்பினால் பின்னால் சாய்கிறோம். ஓய்வில் நிலைமம். அஞ்செட்டி மலைப்பாதை வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறோம். திசையில் நிலைமம். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிய லாரி பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்குமா, அதே லாரி காலியாக வந்தால் சீக்கிரம் நிற்குமா? முந்திப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி.

நான்காவது, செய்முறை. ஒரு தம்ளர், மேலே ஓர் அட்டை, அட்டை மேல் ஒரு ரூபாய்க் காசு. அட்டையை விரலால் சுண்டினால் அட்டை பறக்கும், காசு தம்ளருக்குள் விழும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் அட்டையையும் காசையும் தொட்டுப் பார்த்து, தானே சுண்டி, 'டங்' என்று விழும் சத்தத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வார். காது கேளாத மாணவி கண்ணால் பார்ப்பாள். வாசிக்கத் திணறும் மாணவன் ஒரு வரிகூட வாசிக்காமலே அறிவியலைச் செய்துவிடுகிறான். எட்டு பேருக்கு ஒரு தம்ளர் என்று பிரித்தால் ஐந்து தம்ளர், ஐந்து அட்டை, ஐந்து காசு. பைசா செலவில்லை.

ஐந்தாவது, வாசிப்பு. செய்து பார்த்த பிறகுதான் புத்தகம் திறக்கிறார்கள். ஆசிரியர் அந்தப் பத்தியை ஒருமுறை சத்தமாக வாசிக்கிறார். கரும்பலகையில் மூன்று சிறு வாக்கியங்களில் சுருக்கம். காது கேட்கும் கருவி போட்ட மாணவிக்கு இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய உதவி. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல், எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசினால் போதும். உதட்டசைவைப் பார்த்து அவள் பாதியைப் பிடித்துக்கொள்வாள்.

ஆறாவது, காட்டும் வழி. புரிந்ததா என்று பார்க்க வழக்கமாக, "வரையறை எழுது" என்போம். இங்கே மூன்று வாய்ப்பு: எழுதலாம், வாயால் சொல்லலாம், படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டலாம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, ஒரு பொம்மை வண்டியைத் தள்ளிக் காட்டி, "தள்ளினாத்தான் போவும்" என்று சொன்னால் அன்றைய இலக்கை அந்தப் பிள்ளை அடைந்துவிட்டது. ஆசிரியர் குறிப்பேட்டில் அதைப் பதிவு செய்கிறார்.

இந்த ஆறு படிகளுக்கும் பின்னால் இருப்பது எளிய யோசனை. கருத்தைப் பல வழியில் கொடு. புரிந்ததைப் பல வழியில் காட்டவிடு. ஆர்வம் வருகிற மாதிரி பிள்ளையின் வாழ்க்கையோடு இணை. அமெரிக்காவில் 1984-இல் தொடங்கப்பட்ட 'காஸ்ட்' என்ற அமைப்பு இதை 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்று கோட்பாடாக எழுதிவைத்தது. நல்ல ஆசிரியர்கள் பேர் தெரியாமலே பல காலமாகச் செய்துவருகிறார்கள்.

"போர்ஷன் எப்ப முடிக்கிறது?"

ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. எல்லா நாளும், எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு தயாரிப்பு ஒருவரால் முடியாது. ஆனால் மேலே சொன்னவற்றில் நேரம் கேட்பது செய்முறை ஒன்றுதான். கரும்பலகை ஓரத்தில் ஐந்து சொற்கள், திரும்பி நின்று பேசுவது, பதில் சொல்ல இன்னொரு வழி. இந்த மூன்றும் தினமும் சாத்தியம். வாரத்துக்கு ஒரு பாடத்தை முழுமையாகத் திட்டமிட்டாலே வருஷத்துக்கு முப்பது பாடங்களுக்கு மேல் சேர்ந்துவிடும். அடுத்த வருஷம் அதே திட்டம் கையில் இருக்கும், பக்கத்துப் பிரிவு ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

"மத்த பிள்ளைகள் பின்தங்கிடாதா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். காசு தம்ளரில் விழுவதைப் பார்த்தது நாற்பது பேரும்தானே? சாய்வுதளம் எல்லோருக்கும்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியது: ஒரு பக்கத் தகவல்

பாடத்தைத் திட்டமிடுவது ஆசிரியர். ஆனால் யாருக்காகத் திட்டமிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டுமே! "சொன்னா பிள்ளையை ஒதுக்கிடுவாங்களோ" என்ற பயத்தில் பல வீடுகளில் மறைத்துவிடுகிறோம். ஆசிரியரோ சோம்பேறி, கவனமில்லாதவன் என்று நினைத்துவிடுகிறார். பிள்ளை இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறது.

கல்வி ஆண்டு தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கத் தகவல் கொடுங்கள். எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் காட்டச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். ஷிஃப்ட் வேலையால் நேரில் போக முடியாதவர்களுக்கும் இது வசதி. மாதிரிக்கு ஒன்று:

"மேடம், வணக்கம். என் மகள் 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு. இடது காதில் கேட்காது, வலது காதில் கருவி போட்டிருக்கிறாள். வலது காது உங்கள் பக்கம் இருக்கிற மாதிரி முன் பெஞ்சில் உட்கார வைத்தால் நன்றாகக் கவனிப்பாள். வேகமாகச் சொல்லி எழுதச் சொல்வது கஷ்டம், பலகையில் எழுதிப்போட்டால் எழுதிவிடுவாள். வீட்டில் தெலுங்கு பேசுவோம். படம் நன்றாக வரைவாள். நான் மாலை நாலு மணிக்கு மேல் போனில் கிடைப்பேன்."

கவனித்தீர்களா? குறை என்ன, என்ன செய்தால் உதவும், பிள்ளையின் பலம் என்ன, உங்களை எப்போது பிடிக்கலாம். இந்த நாலும் இருந்தால் ஆசிரியர் நாளைக்கே திட்டமிடலாம். நோய் வரலாறு முழுக்க எழுதத் தேவையில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஆசிரியருக்குத் தனியாக மட்டும் அனுப்புங்கள். அது உங்கள் பிள்ளையின் அந்தரங்கம்.

தேர்வுச் சலுகை: பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்

வகுப்பில் பல வாசல் வைத்தும் தேர்வில் ஒரே வாசல் இருந்தால் பிரயோஜனம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு, குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. இது தானாக வந்துவிடாது. உரிய மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வர் பெயர்ப் பட்டியல் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே தயாராகிவிடும். பிப்ரவரியில் சான்றிதழ் தேடி ஓடினால் கை மீறிவிடும்.

அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்:

1. பிள்ளையின் சிரமம் பற்றிச் சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். 21 வகைக் குறைபாடுகளின் தொடக்க அறிகுறிகளை ஆசிரியர்கள் கண்டறிய உதவும் வகையில் பள்ளிக் கல்வித் துறை 'நலம் நாடி' என்ற செயலியை உருவாக்கியுள்ளது.

2. ஒன்றிய அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 10 ஒன்றியங்கள். அஞ்செட்டியில் இருந்தோ வேப்பனப்பள்ளி உள்கிராமத்தில் இருந்தோ மாவட்டத் தலைநகருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்தில் நடக்கும் முகாமை விட்டுவிடாதீர்கள்.

3. தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) ஒன்றிய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் உங்கள் போனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். விண்ணப்ப எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

4. பள்ளியின் எமிஸ் பதிவில் பிள்ளையின் மாற்றுத்திறன் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

5. பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமை ஆசிரியரிடம் தேர்வுச் சலுகை வேண்டும் என்று எழுத்துமூலம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழில் செல்லுபடி நாள் குறிப்பிட்டிருந்தால் அது தேர்வு வரை தாங்குமா என்றும் பாருங்கள்.

6. சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவதற்குப் பழக்கம் வேண்டும். மனசில் இருப்பதை நிறுத்தி நிறுத்திச் சொல்வது ஒரு தனித்திறமை. காலாண்டு, அரையாண்டுத் தேர்விலேயே அப்படி எழுதிப் பழக வாய்ப்புக் கேளுங்கள்.

யார் உதவுவார்கள்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் பணியாற்றுகிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளை அறிந்து நீங்களும் போய்ப் பேசலாம். பாட ஆசிரியரோடு சேர்ந்து பாடத்தில் என்ன மாற்றம் தேவை என்று திட்டமிட அவர்களின் அனுபவம் உதவும். வீட்டை விட்டு வர முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. இதே திட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள மாணவிகளுக்கு 1 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாதம் 200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10 மாதங்கள் ஊக்கத்தொகை வழங்க வழி இருக்கிறது. உங்கள் மகளுக்கு வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பத்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, சக்கர நாற்காலிப் பிள்ளை ஏற முடியவில்லை என்றால், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றத் தீர்மானம் போட எந்த நிதியும் தேவையில்லை.

பள்ளியில் பேசியும் வேலை நடக்கவில்லை என்றால், பள்ளிக் கல்வித் துறையின் கட்டணமில்லா உதவி எண் 14417. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தையும் அணுகலாம்.

உங்கள் போனும் ஒரு வாசல்தான்

* தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகங்களில் இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலிகள் கிடைக்கும். மணற்கேணி செயலியிலும் பாட வாரியாகக் காணொலிகள் உண்டு. வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்கலாம். வகுப்பில் அந்த வசதி கிடையாதே!
* வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு வீட்டில் யாராவது பாடத்தை வாசித்துக் குரல் பதிவாக வைக்கலாம். அக்கா வாசித்த பதிவு, பஸ்ஸில் போகும்போது தம்பிக்குப் பாடம்.
* ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் வசதி திரையில் உள்ளதைச் சத்தமாகச் சொல்லும். லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேசுவதை எழுத்தாகக் காட்டும். இரண்டும் தமிழில் இயங்கும். கலைச்சொற்களில் தப்பு வரலாம், அதனால் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.
* கரும்பலகை ஓரத்தில் எழுதிய அன்றைய சொற்களைப் போட்டோ எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். வேலை காரணமாக ஊருக்குப் போன குடும்பத்துப் பிள்ளைக்கும், சிகிச்சைக்காக லீவு போட்ட பிள்ளைக்கும் அன்றைய பாடத்தின் நுனி கையில் இருக்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை

மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதிலாக ஒருநாள் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இன்னைக்கு எந்தப் பாடம் புரியல? ஏன் புரியல? போர்டு தெரியலையா, சத்தம் கேக்கலையா, வார்த்தை தெரியலையா, எழுத நேரம் பத்தலையா?"

பிள்ளை சொல்லும் பதிலை அப்படியே நாலு வரியில் எழுதி, நாளைக்கே வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். அடுத்த பாடத்துக்குத் திட்டம் எழுத உட்காரும்போது உங்கள் பிள்ளைக்கான வாசல் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.